சாஹேப் சாம்பாரைப் புகழ்ந்த நாள்

என் கல்லாப்பெட்டியில், சில்லறைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில், ஒரு தாழ்ப்பாள் கிடக்கிறது. குளியலறைக் கதவுக்கு உள்பக்கம் போடுகிற சின்னத் தாழ்ப்பாள். நடுவில் வளைந்து, ஒரு மூலையில் மரச்சிம்பு ஒட்டிக்கொண்டிருக்கும். கடைக்குப் புதிதாக வேலைக்கு வருகிறவன் எவனாக இருந்தாலும் ஒருநாள் அதைக் கையில் எடுத்து, "அண்ணாச்சி, இதத் தூக்கிப் போட்ரவா?" என்று கேட்பான். "ஒன்னய வேணா தூக்கிப் போடுதேன், அத அங்கன வைலே" என்பேன். இந்தத் தோளால் இடித்து நான் வளைத்த தாழ்ப்பாள் அது. அன்றைக்கு அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்தவர் நான் பார்த்த போலீஸ்காரர்களிலேயே பெரிய மூளைக்காரர். பெரிய சிடுமூஞ்சியும் அவர்தான். ஊரே அவரைச் சாஹேப் என்றுதான் கூப்பிடும். நானும் அப்படியே எழுதுகிறேன்.

நான் நாலாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் போனதில்லை. அதைச் சொல்ல எனக்குக் கூச்சமே கிடையாது. கோவில்பட்டிப் பக்கமிருந்து இந்த மராத்தி ஊருக்கு வந்து, முதலில் ஒரு ஆலை கேன்டீனில் பாத்திரம் தேய்த்து, பிறகு தோசைக்கல்லுக்கு முன்னால் நின்று, பிறகு சாங்வியில் தள்ளுவண்டி போட்டு, தொண்ணூறுகளில் பெயர்ப்பலகை வைத்த ஹோட்டலுக்கு முதலாளியானவன் நான். இந்தி எனக்குப் பாத்திரம் தேய்த்த இடத்தில் வந்தது, மராத்தி காய்கறி மண்டியில் வந்தது. இப்போது கம்ப்யூட்டர் படித்துவிட்டுச் சென்னையிலிருந்து வருகிற பிள்ளைகள் ரிக்‌ஷாக்காரனிடம் வழி சொல்லத் தெரியாமல் போனை என்னிடம் நீட்டுகிறார்கள். அந்தக் காலத்தில் சௌக்கி என்கிற எங்கள் போலீஸ் ஸ்டேஷனே என்னை நம்பித்தான் இருந்தது. தமிழ் மட்டும் தெரிந்த யாராவது அங்கே வந்து நின்றால், உடனே என் கடைக்கு ஆள் வரும். "அண்ணா, சாஹேப் கூப்பிடுகிறார்." நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சட்டையை மாற்றிக்கொண்டு போவேன்.

சாஹேபுக்கு அப்போது ஓய்வு பெறும் வயது நெருங்கிவிட்டது. மதியச் சாப்பாடு தினமும் என் கடையில்தான். அடுப்படியைப் பார்த்த மேஜையில் உட்கார்ந்து, கழுத்து மப்ளரைக்கூட அவிழ்க்காமல், கரண்டியால் சாம்பாரைக் கிளறுவார். காணாமல் போன ஆளைத் தேடுகிற மாதிரி பருப்பைத் தேடுவார். "அண்ணா, இதில் பருப்பு எங்கே ஒளிந்திருக்கிறது? போலீஸ் நாயைக் கூட்டி வரட்டுமா?" என்று கடை முழுக்கக் கேட்கக் கத்துவார். ஆனால் இரண்டாம் தரம் ஊற்றச் சொல்லாமல் எழுந்ததில்லை. அவர் பேசியதெல்லாம் மராத்தி. என் காதில் விழுந்தபடி தமிழில் எழுதுகிறேன், அவ்வளவுதான். கான்ஸ்டபிளைத் திட்டுவார், மேலதிகாரியைத் திட்டுவார், வீட்டிலிருந்து போன் வந்தால் போனைத் திட்டுவார். "தேனாகப் பேசுகிறவன் எதையோ மறைக்கிறான் என்று வைத்துக்கொள்" என்பார். அந்தக் கணக்குப்படி அவரிடம் மறைப்பதற்கு ஒன்றுமே இல்லை.

என் கடைக்குப் பின்தெருவில் மதுரைக்காரக் குடும்பம் ஒன்று குடியிருந்தது. வயதான ஒரு அம்மாள், அவர் மகன், மருமகள், பள்ளிக்கூடம் போகிற ஒரு பேரப்பிள்ளை. அந்த அம்மாளைச் சாங்வியிலிருந்த தமிழ்ச் சனம் எல்லாம் பெரியம்மா என்றுதான் அழைக்கும். மகன் தளேகாவ் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தான். காலை லோக்கல் ரயிலில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவான். மருமகள் மராத்திப் பெண். காதல் கல்யாணம். பெரியம்மாவின் தம்பி அந்தக் கல்யாணத்துக்கு வரவே இல்லை.

நல்ல குளிர்காலம். ஒரு வெள்ளிக்கிழமை காலை. மருமகள் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, காய் வாங்கிக்கொண்டு திரும்பி வந்து பார்த்தால், குளியலறையில் பெரியம்மா விழுந்து கிடக்கிறார். தலையில் காயம், தரையெல்லாம் எண்ணெய், மூச்சு இல்லை. அவள் போட்ட சத்தத்தில் தெரு கூடிவிட்டது. கூடிய கூட்டத்தில் பாதிக்கு அந்த எண்ணெய்தான் கண்ணில் பட்டது. மராத்திச் சனத்துக்குத் தலைமுழுக்க எண்ணெய் வைத்துக் குளிப்பது தீபாவளிக்கு மட்டும்தான். தீபாவளி போய் எத்தனையோ நாளான பிறகு குளியலறையில் எதற்கு எண்ணெய்? கிழவி வழுக்கி விழட்டும் என்று மருமகள்தான் ஊற்றி வைத்தாள் என்று கான்ஸ்டபிளே முடிவு கட்டிவிட்டான். நான் போய்த்தான் அதை உடைத்தேன். "எங்க ஊர்ப் பொம்பளைங்க வெள்ளிக்கிழமை தோறும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாங்க சாஹேப், தீபாவளிக்குக் காத்திருக்க மாட்டாங்க" என்றேன். சாஹேப் கான்ஸ்டபிளைப் பார்த்து, "இட்லி விற்கிறவனுக்குத் தெரிந்தது உனக்குத் தெரியவில்லை. தொப்பியை அவனிடம் கொடுத்துவிட்டு நீ போய் மாவு ஆட்டு" என்றார். அந்த வார்த்தையை நான் பல வருஷம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர், தலைக்காயம் ஆளைக் கொல்லும் அளவுக்கு ஆழமில்லை, மூச்சு முட்டித்தான் உயிர் போயிருக்கும் போலிருக்கிறது என்று சொல்லிவிட்டார். இதற்குள் மதுரையிலிருந்து பெரியம்மாவின் தம்பி ரயிலேறி வந்து சேர்ந்தார். இங்கே அவர் பிடித்துக்கொண்டது ஒரு பழைய துணியை. சாஹேப் போய்ச் சேர்ந்தபோது பெரியம்மாவின் உடம்பு ஒரு கிழிந்த சுங்குடிச் சேலையால் மூடியிருந்தது. மூடியது நான்தான் என்று மருமகளே சொல்லியிருந்தாள். அந்தச் சேலையை முகத்தில் வைத்து அமுக்கித்தான் கொன்றிருக்கிறாள் என்றார் தம்பி. கேட்டவர்களுக்கு அது சரியாகத்தான் பட்டது.

சௌக்கியில் தம்பியும் மருமகளும் எதிரெதிரே உட்கார, நடுவில் நான். தம்பி மேஜையைத் தட்டித் தட்டிப் பேசினார்.

"இந்தச் சண்டாளிதான் எங்கக்காவ அமுக்கிக் கொன்னா. அக்கா செத்து ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டாளா, கேளுங்க! இப்ப அழுதாலும் அது நடிப்பு. மொழி தெரியாத கழுதைய வீட்டுக்குள்ள விட்டது எம்மருமகன் பண்ண தப்பு. இவள இன்னைக்கே உள்ள வைக்கணும்."

நான் சாஹேபிடம் திரும்பி, மருமகள்மேல் இவருக்குச் சந்தேகம் இருக்கிறது, நன்றாக விசாரிக்க வேண்டும் என்கிறார் என்றேன். அந்தப் பெண் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது வேறெப்படிச் சொல்வது?

சாஹேப் என்னைச் சாய்வாகப் பார்த்தார். "அந்த ஆள் இவ்வளவு நேரம் கத்தினான். உன் வாயிலிருந்து இவ்வளவுதான் வருகிறது. நீ மொழிபெயர்க்கிறாயா, டீ வடிகட்டுகிறாயா?"

அந்தப் பெண் குனிந்த தலை நிமிரவில்லை. அவள் கணவன் சுவரோரம் நின்றுகொண்டு, மாமனையும் பார்க்காமல் பெண்டாட்டியையும் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிள்ளையை அவள் தாய்வீட்டில் விட்டிருந்தார்கள். அவளைக் கைதுசெய்து கேஸை முடி என்று மேலிடத்திலிருந்து நெருக்கடி வேறு. ஓய்வு பெறப்போகிற ஆள், ஒரு கையெழுத்துப் போட்டால் தலைவலி தீரும். வேறொருவராக இருந்தால் போட்டிருப்பார். சாஹேப் அந்தச் சேலையைக் கொண்டுவரச் சொன்னார்.

மேஜைமேல் அதை விரித்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, துணியில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். சேலையின் ஒரு பக்கம் குறுக்குக் குறுக்காக அழுக்குக் கோடுகள். ஒவ்வொன்றும் ஒரே அகலம், இடைவெளியும் ஒரே அளவு. மேலே கரி படிந்த மாதிரி ஒரு கறுப்பு. "மனிதன் மூக்கு இப்படிக் கோடு போடாது" என்றார். அவள் பக்கம் திரும்பி, "இந்தத் துணி எங்கே இருந்தது?" என்று உறுமினார்.

"ஜன்னலில்" என்றாள் அவள்.

எண்ணெய்க் குளியல் அன்று மாமியார் குளியலறை ஜன்னலில் அதை அடைத்துவிடுவார். எண்ணெய் தேய்த்த உடம்பில் இந்த ஊர்க் குளிர்காற்று பட்டால் ஜன்னி கண்டுவிடும் என்று பயம். அன்றைக்குத் தாழ்ப்பாள் போடாமல் சாத்தியிருந்த கதவைத் திறந்ததும் இவளுக்கே தலை கிறுகிறுத்திருக்கிறது. காற்று வரட்டும் என்று துணியைப் பிடுங்கியிருக்கிறாள். ஆட்கள் ஓடி வருகிற சத்தம் கேட்டதும், அவர் வெற்றுடம்பாகக் கிடக்கிறாரே என்று கையிலிருந்த துணியையே போர்த்திவிட்டாள்.

"இதை ஏன் முன்னாலேயே சொல்லவில்லை?"

"நீ மூடினாயா என்று கேட்டார்கள், ஆமாம் என்றேன். எங்கிருந்து எடுத்தாய் என்று யாரும் கேட்கவில்லை சாஹேப்."

எல்லோரையும் கிளப்பிக்கொண்டு சாஹேப் அந்த வீட்டுக்குப் போனார். குளியலறை ஜன்னலில் கண்ணாடித் தகடுகள் சாய்வாக அடுக்கியிருந்தன. ஒவ்வொரு தகட்டின் விளிம்பிலும் தூசி. சேலையை வைத்துப் பார்த்தார், கோடும் தகடும் பொருந்தின. பிறகு தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தார். அங்கே சமையல் கேஸில் எரிகிற வெந்நீர்க் கீசர் தொங்கியது. அந்த வருஷங்களில் சாங்வியில் பாதி வீட்டில் அது உண்டு. குழாயைத் திறந்தால் பெட்டிக்குள் குப்பென்று நீலத் தீ எரியும், வெந்நீர் கொட்டும். அதை எல்லோரும் வசதி என்றுதான் நினைத்தோம். சாஹேப் அதைக் கைதியைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். "தீக்கும் காற்று வேண்டும், மனிதனுக்கும் காற்று வேண்டும். ஜன்னலை அடைத்துவிட்டால் இரண்டும் ஒரே தட்டில் சாப்பிட வேண்டியதுதான். யார் பெரிய சாப்பாட்டுக்காரன்?" என்றார்.

நான் தம்பியிடம் விளக்கினேன். அவர் கேட்கவில்லை. "எல்லாரும் சேர்ந்து அவளக் காப்பாத்தப் பாக்கிறீங்க. வெந்நிப் பெட்டி ஆளக் கொல்லுமாம்! எந்த ஊர்ல?" என்று எகிறினார். இந்தத் தடவை நான் வடிகட்டாமல் சொன்னேன்.

"சரி, இந்த ஆளுக்குக் காகிதம் காட்டினால் நம்பமாட்டான்" என்று சாஹேப் பூட்ஸைக் கழற்றினார். சேலையை ஜன்னலில் அடைத்தார். ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை உள்ளே போட்டார். நான் பதறிப்போனேன். "சாஹேப், வேண்டாம், ஒரு கோழியைக் கொண்டுவந்து விடுவோம்" என்றேன். "கோழிக்குப் பேசத் தெரியுமா? நான் உள்ளே திட்டிக்கொண்டே இருப்பேன். திட்டுச் சத்தம் கேட்கிறவரைக்கும் நான் நன்றாக இருக்கிறேன். கேட்காவிட்டால் கதவைத் திற" என்றார். அதோடு விட்டாரா? நான் இடையிலேயே எட்டிப் பார்ப்பேன் என்று உள்ளே தாழ்ப்பாளையும் போட்டுக்கொண்டார். நான் தாழ்ப்பாள் வேண்டாம் என்று கத்தினேன். "உனக்கு வயசாகிவிட்டது, பயந்து சாகிறாய்" என்று பதில் வந்தது. அவரைவிட நான் எவ்வளவோ இளையவன்.

கீசர் எரிகிற சத்தம், தண்ணீர் வாளியில் விழுகிற சத்தம், அதற்குமேல் சாஹேப் சத்தம். முதலில் அரசாங்கத்தைத் திட்டினார். பிறகு கான்ஸ்டபிள் குடும்பத்தை. பிறகு என்னிடம் வந்தார். "அண்ணா, உன் இட்லியை வைத்து வீடு கட்டலாம். உன் சட்னியை நதியில் கொட்டினால் மீன் ஊரைவிட்டுப் போய்விடும். உன் சாம்பார் இருக்கிறதே..." நான் கதவில் காதை வைத்துக்கொண்டு, "இருக்கேன் சாஹேப், சொல்லுங்க" என்று பதில் கொடுத்தேன். தம்பியான மதுரைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன சொல்றாரு?" என்றார். "என்னத் திட்டுதாரு. நல்லா இருக்காரு" என்றேன்.

கொஞ்ச நேரம் போயிற்று. வார்த்தைகளுக்கு நடுவில் இடைவெளி விழ ஆரம்பித்தது. ஒரு திட்டைத் தொடங்கி முடிக்காமல் விட்டார். நான் கூப்பிட்டேன். உள்ளேயிருந்து மெதுவாக, ரொம்பப் பதமாக, ஒரு குரல் வந்தது.

"பாவூ... உன் சாம்பார் நன்றாகத்தான் இருக்கும்... வீட்டில்கூட அப்படி இல்லை..."

எனக்கு உள்ளங்கால் சில்லிட்டுவிட்டது. அந்த மனிதர் என்னைப் பாவூ என்று, தம்பி என்று, அதுவரை கூப்பிட்டதே இல்லை. சத்தம் நின்றால்தான் கதவைத் திறக்கச் சொல்லியிருந்தார். நான் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. கடைக்கு அரிசி மூட்டை தூக்கிய தோள் இது. ஒரே இடி. தாழ்ப்பாள் பிய்த்துக்கொண்டு பறந்தது. சாஹேப் ஸ்டூலிலிருந்து சரிந்து சுவரில் சாய்ந்து கிடந்தார், வாயோரம் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் நான் இன்னும் பயந்தேன். அவரைத் தூக்கி வந்து கூடத்தில் போட்டேன். அந்தப் பெண் ஓடி ஓடி எல்லா ஜன்னலையும் திறந்தாள். மதுரைக்காரர் தன் துண்டை நனைத்துச் சாஹேப் முகத்தைத் துடைத்தார். ஒரு தகரப் பெட்டி ஆளை எப்படிச் சாய்க்கும் என்று அவர் கண்ணாலேயே பார்த்துவிட்டாரே.

சாஹேப் கண்ணைத் திறந்தார். உடைந்த கதவைப் பார்த்தார். "எந்த எருமை கதவை உடைத்தது? தட்டத் தெரியாதா?" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மதுரைக்காரர் என் கையைப் பிடித்தார். "அண்ணாச்சி, இந்தப் பிள்ளகிட்ட மராத்தியில சொல்லுங்க. நான் பேசுனதெல்லாம்..."

"வேண்டாம் மாமா" என்றாள் அந்தப் பெண். தமிழில்தான் சொன்னாள். கொஞ்சம் மராத்தி இழுப்பு, ஆனால் நல்ல மதுரைத் தமிழ். "எனக்குத் தமிழ் வரும். அத்தை சொல்லிக் குடுத்தாங்க. நீங்க பேசினது புரிஞ்சுது. அண்ணாச்சி மாத்திச் சொன்னதும் புரிஞ்சுது. அழுதா நடிப்புன்னு சொன்னீங்கல்ல மாமா. அதான் அழல." அப்படிச் சொல்லிவிட்டு, அப்போதுதான் அவள் அழுதாள். மதுரைக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அதுவரை ஒதுங்கி நின்ற அவள் கணவன் வந்து அவள் பக்கத்தில் நின்றான், அப்போதாவது வந்தானே.

நான் சாஹேபைத் திரும்பிப் பார்த்தேன். அவர் படுத்தபடியே, "எனக்குச் சௌக்கியிலேயே தெரியும்" என்றார். "அந்த ஆள் கத்தியபோது அவள் விரல் முந்தானையைத் திருகியது. நீ மராத்தியில் சொன்னபோது அசையவில்லை. நீ வடிகட்டிய டீயைக் குடிக்கும் முன்னாலேயே அவள் தூளைத் தின்றுவிட்டாள், மடையா."

பெரியம்மாவின் ரத்தத்தைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். காற்றில்லாமல் எரிந்த கீசரின் விஷப்புகைதான் ரத்தத்தில் ஏறியிருக்கிறது என்று முடிவு வந்தது. குளித்து முடிக்கும் முன்னாலேயே மயங்கி, எண்ணெய்க் கிண்ணத்தைத் தட்டிவிட்டு விழுந்திருக்கிறார். கேஸ் முடிந்தது. நான் அதோடு நிற்கவில்லை. எங்கள் தெருவில் ஒவ்வொரு வீடாக ஏறி, கீசரை வெளிச்சுவருக்கு மாற்று, இல்லாவிட்டால் ஜன்னலைத் திறந்து வை என்று சொன்னேன். எஞ்சினியர் படித்தவர்கள்கூட நான் சொல்லித்தான் மாற்றினார்கள். அந்தப் பெண் இன்றைக்கும் வெள்ளிக்கிழமை தோறும் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறாள், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு. குளிர்கிறது என்று என் கடையில் வந்து சுக்குக் காபி கேட்பாள். பெரியம்மாவின் பழக்கத்தை அந்த வீட்டில் விடாமல் வைத்திருப்பது அவள்தான்.

சாஹேப் ஓய்வு பெற்றுத் தளேகாவில் வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் போன் செய்வேன். எடுத்ததும் திட்டுவார். இன்னும் சாகவில்லையா, கடையை அரசாங்கம் மூடவில்லையா என்பார். நான் நிம்மதியாகப் போனை வைத்துவிட்டு வியாபாரத்தைப் பார்ப்பேன். வருஷங்கள் இப்படியே போயின. தள்ளுவண்டி நின்ற இடத்தில் மாடிக் கட்டடம் வந்தது, லாண்ட்லைன் போய் மொபைல் வந்தது, அவர் திட்டு மட்டும் மாறவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால், "நமஸ்கார். நன்றாக இருக்கிறீர்களா?" என்றது மறுமுனை. சாஹேப் குரல்தான். "உங்கள் சாம்பாரை நினைத்துக்கொண்டுதான் இருந்தேன். அந்த ருசி எங்கே கிடைக்கும்" என்றார்.

எனக்கு மறுபடியும் உள்ளங்கால் சில்லிட்டது. கடையை மகனிடம் விட்டேன். தூக்குச்சட்டி நிறையச் சாம்பாரை ஊற்றிக்கொண்டேன். ஏனென்று தெரியவில்லை, தாழ்ப்பாளையும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். தாபோடி ஸ்டேஷனுக்கு ஓடி லோணாவ்ளா லோக்கலைப் பிடித்தேன். தளேகாவ் வருகிறவரைக்கும் உட்காரவே இல்லை.

அவர் வீட்டு வாசலில் நிறையச் செருப்புகள். உள்ளே போனால் பேத்தியைப் பெண் பார்க்க வந்த கூட்டம். சாஹேப் இஸ்திரி போட்ட சட்டையில், கையைக் கட்டிக்கொண்டு, பல் தெரியச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். போன் வந்தபோது அவர்கள் எதிரில் இருந்திருக்கிறார்கள். திட்ட வழியில்லை. "வாருங்கள், வாருங்கள். இவர் என் நண்பர், சாங்வியில் பெரிய ஹோட்டல் முதலாளி" என்று அறிமுகம் வேறு. அவர் வாயால் அதைக் கேட்க எனக்குக் கசக்கவில்லை, உண்மையைத்தானே சொன்னார்.

விருந்தாளிகள் தெருமுனை திரும்பியதுதான் தாமதம், என் பக்கம் திரும்பினார். "போனில் பேசினால் போதாதா? பிணம் தூக்குகிற ஆள் மாதிரி தூக்குச்சட்டியோடு வந்து நிற்கிறாய்! அவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்?" நான் தாழ்ப்பாளை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. கையில் எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, திருகாணித் துளையைச் சோதித்தார். "துருப்பிடித்த திருகாணி. பூனை உரசினாலும் பிய்ந்திருக்கும். இதை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் வீரம் பேசுகிறாய்" என்றார். பிறகு அதை என் சட்டைப் பையில் அவரே திரும்பப் போட்டு, பையின் மேல் உள்ளங்கையை வைத்து ஒரு தட்டுத் தட்டினார். கையை உடனே எடுக்கவில்லை.

தூக்குச்சட்டியைத் திறந்து கரண்டியால் கிளறினார்.

"பருப்பு எங்கேடா?" என்றார்.

தாழ்ப்பாள் பழைய இடத்திலேயே, கல்லாப்பெட்டியில் கிடக்கிறது. துரு ஏறியிருக்கிறது என்பது உண்மைதான். அது இத்தனை வருஷத்தில் ஏறிய துரு. அன்றைக்கு அது புத்தம் புதுசு.